கல்யாணத்துக்குக் கொடுத்த தண்ணீர்

தீவின் டெலிபோன் புத்தகத்தில் காலேப்பின் பெயர் 'சொட்டு' என்றுதான் அச்சாகியிருந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே கடல் நடுவில் கிடக்கிற நார்ஃபோக்கில் அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பப் பெயர்களை வைத்துக்கொண்டு ஒரு தீவே பிழைக்க வேண்டுமானால் பட்டப்பெயர் இல்லாமல் ஆகாது. அவனுடைய உயிர்ச் சிநேகிதன் அதே புத்தகத்தில் 'நண்டு' என்றிருந்தான். நண்டுவோடு ஒப்பிட்டால் சொட்டு கௌரவமான பெயர் என்பது காலேப்பின் எண்ணம்.

அந்தப் பெயர் வந்தது அவன் வீட்டுப் பின்புறத்தில் நின்ற இரண்டு நீல டிரம்களால். எல்லா வீட்டையும் போல அவன் வீட்டிலும் குடிக்கக் கூரைத் தண்ணீர்தான். கூரையில் மழை மட்டுமா விழுகிறது? பைன் மரத்து ஊசியிலை, புழுதி, கடற்பறவைகளின் எச்சம் எல்லாம்தான் விழுகிறது. ஒரு கோடையில் தொட்டிக்குள் எலி செத்துக் கிடந்தது தெரியாமல் குடித்துவிட்டு அவன் மனைவி ஒரீன் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். அவள் தேறி நடமாடத் தொடங்கிய வாரமே காலேப் ஓட்டல்காரரிடம் போய், ஆலிவ் காய் வந்து காலியான டிரம் இரண்டைக் கேட்டு வாங்கிவந்தான்.

புல்வெட்டும் மெஷினும் ஜெனரேட்டரும் பழுது பார்க்கிறவன் அவன். கை நிதானமான கை. டிரம்மின் அடியில் கூழாங்கல் பரப்பினான், அதன்மேல் பருமணல், அதற்குமேல் டிரம்மில் பாதிக்கு மேலாக நைஸ் மணல். கடற்கரை மணல் முழுக்கச் சிப்பிச் சுண்ணாம்பு, அது உதவாது என்று கல் குவாரியிலிருந்து கருங்கல் தூளைக் கொண்டுவந்து சலித்து, தள்ளுவண்டியில் கொட்டி, கழுவிய தண்ணீர் கண்ணாடியாகத் தெளிகிற வரைக்கும் கழுவினான். அது தெளிவதற்குள் ஒரு தொட்டித் தண்ணீர் தீர்ந்துபோய் ஒரீனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. அடியிலிருந்து புறப்பட்ட குழாயை வாத்தின் கழுத்துபோல மேலே தூக்கி, மணல் மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில் வளைத்து வெளியே விட்டான். அப்படி விட்டால்தான் மேலே தண்ணீர் விழுவது நின்றாலும் மணல் காயாது. காய்ந்துவிட்டால் அத்தனையும் போயிற்று.

ஏனென்றால் மணலின் மேற்பரப்பில் மெல்ல மெல்ல ஒரு பழுப்புத் தோல் வளர்கிறது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் அதில் குடியிருந்துகொண்டு, மேலேயிருந்து வருகிற கிருமிகளைத் தின்று தீர்க்கின்றன. தோல் தடித்துப்போய்த் தண்ணீர் இறங்க மறுத்தால் மேலே ஒரு விரற்கடை மணலைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். சுரண்டியதும் தண்ணீர் குஷியாக ஓடிவரும். ஆனால் காவல் இருக்காது. புதுத் தோல் வளர இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதுவரைக்கும் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், வாயில் வைக்கக் கூடாது. அதற்காகத்தான் இரண்டு டிரம், ஒன்று தேறுகிற வரைக்கும் மற்றது கொடுக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள், வேலி ஓரமாகப் போகிறவர்கள், புல்வெட்டி கொண்டுவருகிறவர்கள் என்று ஒருவர் விடாமல் பிடித்து நிறுத்தி இதையெல்லாம் சொல்வான் காலேப். பட்டப்பெயர் வராமல் என்ன செய்யும்?

நண்டுவின் மகள் ஜோலிக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மைதானத்துப் புல்லெல்லாம் வைக்கோல் நிறம். கல்யாண ஹாலின் தொட்டியில் அடிமட்டத்தில் கொஞ்சம் கலங்கல் மட்டும் கிடந்தது. பாத்திரம் கழுவ லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம், குடிக்க என்ன செய்வது என்று நண்டு தலையைச் சொறிந்தபோது, காலேப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, குடிதண்ணீரை என்னிடம் விடு, வருகிறவர்கள் இனிமேல் பாட்டில் தண்ணீரைத் தொடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டான். சொல்லும்போது இரண்டு டிரம்மும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன.

கல்யாண வாரத்தில் ஒரு தூறல் போட்டது. மண் நனையக்கூட இல்லை. ஆனால் கூரையில் அந்தப் பருவம் முழுக்கச் சேர்ந்திருந்த புழுதியை அப்படியே அலசிக் கீழே கொண்டுவந்தது. புதன்கிழமை பார்த்தால் வலது டிரம் அடைத்துக்கொண்டு கண்ணீர் விடுவதுபோல் வடிந்தது. இடது டிரம் பரவாயில்லை, அதுவும் மெதுவாகத்தான். காலேப் வேறு வழி தெரியாமல் வலதைச் சுரண்டினான். மறுநாள் காலையில் கடல் அமைதியாகி, மாதக்கணக்கில் எதிர்பார்த்த சரக்குக் கப்பல் வந்து நின்றது. சரக்கு இறக்கப் படகுத்துறைக்கு வரச் சொல்லி எல்லா ஆண்களுக்கும் ஆள் வந்தது. போகிற அவசரத்தில், லாரியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "ஒரீன், கேனையெல்லாம் வலதுல பிடிச்சு வச்சிரு, அதுதான் வேகமா வருது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சொன்ன வார்த்தை அவன் காதிலேயே உறைத்தது. படகுத்துறையில் மூட்டை இறக்கும்போதும் உறைத்தது. தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தானே இருக்கிறது, ஒரு நாள் சமாச்சாரம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். இரண்டு நாள் சரக்கு இறக்கிவிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி திரும்பி வந்தபோது சமையலறையில் கேன்கள் நிறைந்து வரிசையாக நின்றன. சாப்பிட்டுவிட்டு அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிட்டான். சனிக்கிழமை காலையில் கேன்களை லாரியில் ஏற்றி ஹாலில் இறக்கினான்.

கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. பொரித்த மீன், வாழைக்காய் உருண்டை, கிட்டி ஆன்ட்டியின் கடல்நத்தை பேஸ்ட்ரி, ஜோலியின் தாய் மேவிஸ் செய்த கிரீம் கேக். பிரிஸ்பேனிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் மாமா டெரிக் என்பவர் கலகலப்பான ஆள். வந்தவர்களையெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டு, தண்ணீர் மேஜையைத் தானே எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தார். இப்படி ஒரு தண்ணீரை நான் குடித்ததே இல்லை என்று காலேப்பின் முதுகில் தட்டினார். காலேப் அன்று பீர் மட்டும்தான் குடித்தான். அது தற்செயல் என்று அவனே நம்பப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிட்டி ஆன்ட்டிக்கு வாந்தி கண்டிருக்கிறது என்று போன் வந்தது. எண்பதைத் தாண்டியவள்; ஒரீனுக்குத் தாயின் தங்கை. ஒரீன் இரண்டு உடுப்பை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிப் போனாள். திங்கட்கிழமை விடிவதற்குள் வீட்டுக்கு வீடு அதே பேச்சு. பாதிரியார் படுத்துவிட்டார். பியானோ வாசித்தவள் படுத்துவிட்டாள். கிட்டி ஆன்ட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்து சலைன் ஏற்றுகிறார்கள் என்று ஒரீன் அங்கிருந்து சொன்னாள். காலேப் போனை வைத்தான்.

அவன் செய்த முதல் காரியம் யோசித்துச் செய்ததல்ல. லாரியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனான். ஒரு கேனில் கால்வாசித் தண்ணீர் மிச்சமிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து பைன் மரத்தடியில் கவிழ்த்தான். மண் குடித்து முடிப்பதற்குள் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஹாலைப் பெருக்குவதற்காகத் துடைப்பத்தோடு நண்டு நின்றுகொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"கேன்ல பிளாஸ்டிக் வாடை அடிச்சுது. அதான்."

இந்த வறட்சியில் நல்ல தண்ணீரை மரத்துக்கு ஊற்றுகிறவனை நண்டு திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. ஈர மண்ணைப் பார்த்தான், காலேப்பைப் பார்த்தான், மறுபடியும் மண்ணைப் பார்த்தான். பிறகு, ஜோலியும் மாப்பிள்ளையும் இன்றைய விமானத்தைக் கோட்டைவிட்டார்கள், இரண்டு பேரும் முறைபோட்டுக்கொண்டு பாத்ரூமில் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அவன் கண்டுபிடித்துவிட்டான் என்று காலேப்புக்கு நிச்சயமாகத் தோன்றியது.

வீட்டுக்கு வந்த பிறகுதான், தான் செய்த முட்டாள்தனம் புரிந்தது. அந்தக் கால் கேன் இருந்திருந்தால் சோதித்துப் பார்த்திருக்கலாம். இப்போது அதுவும் இல்லை. வலது டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்தான். சுரண்டிய மணல் வெளுத்து, புதிதாக மொட்டையடித்த தலைபோல் கிடந்தது. ஒரு பொட்டுப் பழுப்பு இல்லை. இந்த மணலின் வழியாகத்தான் பாதிரியாரிலிருந்து மணப்பெண் வரைக்கும் குடித்தார்கள். மதியம் ரொட்டியை எடுத்து வாயருகே கொண்டுபோய்த் திரும்ப வைத்துவிட்டான். எலி செத்த தொட்டித் தண்ணீரைக் குடித்து ஒரீன் கிடந்த கிடை நினைவுக்கு வந்தது. அப்போது அவளுக்கு வயது முப்பது. கிட்டி ஆன்ட்டிக்கு எண்பதுக்கு மேல்.

ஒரீன் போன் செய்தபோதெல்லாம் சொல்லிவிட வாயெடுத்தான். ஆன்ட்டி தூங்குகிறாள், ஆன்ட்டிக்கு மறுபடி வாந்தி, வைக்கிறேன் என்று அவள் வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை முகம் கழுவி, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். என்ன ஆனாலும் சரி, டாக்டருக்கு எது காரணம் என்று தெரிந்தால் ஆன்ட்டிக்குச் சரியான மருந்து கொடுப்பார்கள் அல்லவா? நர்ஸ் ரோவீனா மருந்து மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட நாட்களில் அவன் பழுதுபார்த்துக் கொடுத்த சைக்கிளில் சுற்றியவள்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

"உக்காருங்க அங்கிள். உங்களுக்கும் வயிறா?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. ஒரு விஷயம் சொல்லணும்." எழுந்து போய்விடாமலிருக்க நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "கல்யாணத்துக்குக் குடிதண்ணி நான்தான் குடுத்தேன். டிரம்மைச் சொரண்டினதுக்கு மறுநாளே பிடிச்ச தண்ணி அது. குடிக்கற பதத்துக்கு வரல. தெரிஞ்சேதான் குடுத்தேன். மிச்சமிருந்ததையும் கொட்டிட்டேன்."

ரோவீனா பேனாவைக் கீழே வைத்தாள்.

"சொல்லி முடிச்சிட்டீங்களா?"

"ஆன்ட்டிக்கு ஏதாவது ஆயிட்டா..."

"அங்கிள், காலைலேர்ந்து இந்த நாற்காலில உக்காந்து 'எல்லாம் என்னாலதான்'னு சொன்னதுல நீங்க நாலாவது ஆளு."

காலேப் விழித்தான். அவள் பேரைச் சொல்லாமல் வரிசையாகச் சொன்னாள். ஒருத்தர் மீனை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்துவிட்டாராம். ஒருத்தர் கிரீமை ராத்திரி முழுக்க மேஜையிலேயே மறந்துவிட்டாராம். இன்னொருத்தர் செய்ததைக் கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள், ஆனால் சொல்ல மாட்டேன் என்றாள்.

"யாராலயும் இல்ல. லாட்ஜ்ல தங்கியிருக்கற ஒரு வயசான ஜோடி சனிக்கிழமையே வாந்தியோட இங்க வந்துட்டாங்க, நீங்கள்லாம் கல்யாணச் சாப்பாட்டுக்கு உக்காரறதுக்கு முன்னாடியே. கல்யாணத்துக்கு வராதவங்க, உங்க தண்ணியக் கண்ணால பாக்காதவங்க. வெள்ளிக்கிழமை பிளேன்ல வந்திருக்காங்க. பக்கத்து சீட்டுக்காரரு வழி முழுக்கப் பையில வாந்தி எடுத்துக்கிட்டே வந்தாராம். யாருன்னு நேத்துதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். மாப்பிள்ளையோட மாமா."

"டெரிக்கா?"

"அவருதான். கைக்குக் கை ஒட்டற வாந்திக் கிருமி அது. அவருக்கு மறுநாளே சரியாயிருச்சு, ஆளு உற்சாகமாயிட்டாரு. ஆனா கிருமி அவரு கையில இருந்துச்சு. எல்லாரையும் கட்டிப்பிடிச்சு, எல்லாருக்கும் டம்ளரை எடுத்து எடுத்துக் குடுத்தாரு இல்லையா? டாக்டரும் அதான்னு சொல்லிட்டாரு. ரெண்டு மூணு நாள்ல தானா அடங்கிரும்."

காலேப்புக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. பிறகு மெல்லப் புரிந்தது. இரண்டு நாளாக மார்புக்குள் கல்லாக உட்கார்ந்திருந்த ஒன்று அப்படியே இறங்கி ஓடிப்போனது. அது ஓடிய இடம் லேசாக வலிக்கக்கூடச் செய்தது. அழுகை வந்துவிடும் போலிருந்ததால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ரோவீனா வேறெதையோ தேடுவதுபோல் மேஜை டிராயரைக் குடைந்துகொண்டிருந்தாள். நல்ல பெண்.

"ஆன்ட்டி?"

"டீ கேட்டுச் சண்டை போடறாங்க. போய்ப் பாருங்க. போறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்க."

வராந்தா பெஞ்சில் நண்டு உட்கார்ந்திருந்தான். இவனைக் கண்டதும் எழுந்தான், பிறகு உட்கார்ந்தான்.

"உள்ள போயி என்னடா சொன்ன?"

"நீ என்ன சொன்ன? நீயும் போனியா?"

நண்டுதான் முதலில் உடைந்தான்.

"டான்ஸ் நடுவுல உன் தண்ணி தீந்துபோச்சுடா. எல்லாருக்கும் தாகம். சொட்டு குடுத்த தண்ணி பத்தலன்னு உன் பேரு கெட்டுரக் கூடாதுன்னு ஹால் தொட்டில அடியில கெடந்ததைத் துணியில வடிகட்டி ஒரு கேன்ல ஊத்திட்டேன். நேத்து அந்தக் கேனை ஒழிச்சுக் கட்டத்தான் துடைப்பத்தோட வந்தேன். பாத்தா நீயே கவுத்துக்கிட்டு நிக்கற. போன உசுரு திரும்பி வந்துச்சு எனக்கு."

"நீ என்னைக் கண்டுபிடிச்சிட்டதா நான் நினைச்சேன்."

"நீ என்ன பண்ணினே, கண்டுபிடிக்க?"

காலேப் சொன்னான். நண்டு கேட்டுக்கொண்டே வந்தவன், சுரண்டிய இடத்துக்கு வந்ததும் தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். எனக்கு எத்தனை தடவை அந்தப் பாடத்தை நடத்தியிருப்பாய் என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தான். காலேப்புக்கும் பற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரி என்பதால் சத்தம் வராமல் சிரிக்கப் பார்த்து, இரண்டு கிழட்டு எருமைகள் இருமுவதுபோல் ஆகிவிட்டது. உள்ளேயிருந்து ரோவீனா ஜன்னலைச் சாத்தினாள்.

அந்த மாமாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று நண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான். நம் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த மனுஷன், தெரிந்தால் நொந்துபோவார். ரோவீனா அவரிடம் கை கழுவுவதைப் பற்றி மட்டும் பக்குவமாகச் சொல்லியிருக்கிறாளாம். காலேப்புக்கும் அதுதான் சரியென்று பட்டது. குற்றவாளியாக இருப்பது எப்படியிருக்கும் என்று அவனுக்கு இரண்டு நாள் அனுபவம் உண்டே.

வார்டில் கிட்டி ஆன்ட்டி தலையணையில் சாய்ந்துகொண்டு, பால் இல்லாத டீ டீயே அல்ல என்று ஒரீனிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். முகம் சின்னதாகச் சுருங்கியிருந்தது, குரல் மட்டும் பழைய குரல். காலேப் அவள் கையைத் தொடப் போய், நினைவு வந்து, கட்டில் கம்பியைத் தொட்டான். பிறகு ஒரீனை ஜன்னலோரமாக அழைத்துப்போய் மெல்லிய குரலில் முழுவதையும் சொன்னான். கிருமி மாமாவிடமிருந்து வந்ததென்றாலும், காவல் இல்லாத தண்ணீரை ஊருக்கே கொடுத்துவிட்டேன், இந்தத் தடவை தப்பித்தது அதிர்ஷ்டம் என்று முடித்தான்.

ஒரீன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வலது டிரம்லேர்ந்து ஒரு டம்ளர் தண்ணிகூடக் கல்யாணத்துக்குப் போகல."

"நான்தானே அதுல பிடின்னு சொன்னேன்?"

"சொன்ன. சொரண்டின தண்ணிய வாயில வைக்காதேன்னு டிரம் வச்ச நாள்லேர்ந்து நீ சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளிச்சுப்போச்சு. ஒரு நாள் அவசரத்துல மாத்திச் சொன்னா நான் கேட்டுருவேனா? அத்தனையும் இடதுலதான் பிடிச்சேன். வியாழன் வெள்ளி ரெண்டு நாளும் அதுக்குப் பக்கத்துலயே உக்காந்து ஒரு ஸ்வெட்டர்ல பாதி பின்னிட்டேன். வலதுல வந்ததெல்லாம் பீன்ஸுக்குப் போச்சு."

"ஏன்டி சொல்லல?"

"எப்ப சொல்றது? கப்பல்லேர்ந்து வந்து சாப்பிட்ட, தூங்கிட்ட. விடிஞ்சா கல்யாணம். அப்புறம் ஆன்ட்டி. ரெண்டு நாளா இத மனசுல வச்சுக்கிட்டா சாப்பிடாம இருந்த? நீ ஏன் சொல்லல?"

ஒரீன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவன் சட்டையின் மேல்பொத்தான் மாறிப் போட்டிருந்ததை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். கட்டிலிலிருந்து கிட்டி ஆன்ட்டி, அங்கே என்ன குசுகுசுப்பு, நான் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்றா பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்டாள்.

"இல்ல ஆன்ட்டி. உங்களுக்குப் பாலோட டீ எப்பக் குடுக்கலாம்னு பேசறோம்" என்றாள் ஒரீன்.

"பேசாதீங்க. போட்டுக் குடுங்க."

காலேப் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது வெயில் ஏறியிருந்தது. வழியில் இரண்டு பசுக்கள் சாலையின் நடுவே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. மற்ற நாளாயிருந்தால் ஹாரன் அடித்திருப்பான். இன்று என்ஜினை அணைத்துவிட்டு, அவை நகருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வழியே கடற்காற்று வந்தது. திடீரென்று பசி, பதின்வயதுப் பசிபோல் வயிற்றைக் கவ்வியது.

வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டியைத் திறந்து, வெள்ளிக்கிழமை ஒரீன் செய்துவைத்திருந்த குளிர்ந்த வாழைக்காய் உருண்டைகளை நின்றபடியே ஒவ்வொன்றாகத் தின்றான். கடைசி உருண்டை தொண்டையில் சிக்கியது. இடது டிரம்மிலிருந்து ஒரு செம்பு பிடித்து, நின்று நிதானமாகக் குடித்தான். பிறகு பின்வாசல் நிழலில் சாய்வுநாற்காலியை இழுத்துப்போட்டுப் படுத்தவன், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனான்.